எதிர்ப்பு ரகத்திலும் துங்ரோ வருமா?

கேள்வி: நாலு வருடமாகத் தாளடிப் பருவத்தில் ஒரே நெல் ரகம்தான் போடுகிறேன். துங்ரோ என்ற வைரஸ் நோயைத் தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இந்த முறை பயிர் குட்டையாகி, இலை ஆரஞ்சு மஞ்சளாகிவிட்டது. விதை போலியா, இல்லை வைரஸ் மாறிவிட்டதா?

பதில்: முதலில் அது துங்ரோதானா என்று பாருங்கள். தழைச்சத்துக் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும். அதிகாலையிலேயே இலை நுனியை 10 செ.மீ. வெட்டுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு கரைத்து, அதில் கால் மணி நேரம் போடுங்கள். கருநீலக் கோடு விழுந்தால் துங்ரோ.

இது விதைவழி வருகிற நோய் அல்ல. கொண்டுவருவது பச்சை தத்துப்பூச்சி. சிக்கலும் அங்கேதான். துங்ரோ தாங்கும் என்று பெயர் வாங்கிய பழைய ரகங்கள் பல, வைரஸைத் தடுத்தவை அல்ல. பூச்சிக்கு ஒத்துக்கொள்ளாதவை, அவ்வளவுதான். அதையே ஊர் முழுக்க வருடக்கணக்கில் நட்டால், அதிலும் சாறு குடித்துப் பிழைக்கிற பூச்சிகளே மிஞ்சிப் பெருகும். பிலிப்பைன்ஸில் சில ஐ.ஆர். ரகங்களுக்கு இதுதான் நடந்தது. வைரஸ் மாற வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வயலிலும் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

வைரஸே மாறுவதும் உண்டு. 1966இல் கென்யாவில் கண்டறிந்த, துங்ரோ அல்லாத இன்னொரு வைரஸான நெல் மஞ்சள் தேமல் வைரஸ் நல்ல உதாரணம். பெருகுவதற்கு அது நெல்லின் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். மொசாம்பிக்கின் ஜிகான்டே ரகத்தில் அந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) வேறு, பிடி வழுக்கிவிடும். ஆனால் இது மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.வில் வைத்திருக்கும் வைரஸ். நகலெடுக்கையில் விழும் பிழையைத் திருத்த ஆள் கிடையாது. எண்ணற்ற நகல்களில், வைரஸின் சொந்தப் புரதத்தில் 48ஆம் இடம் மாறிய ஒன்று தப்பிப் பிறந்தால் போதும், பிடி மறுபடி கிடைத்துவிடும். எல்லா வைரஸ் வகைகளாலும் இது முடிவதில்லை என்பதுதான் ஆறுதல்.

சரி, இப்போது என்ன செய்வது? நோய் கண்ட குத்து தேறாது, பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். குத்துக்கு 2 பூச்சி தென்பட்டாலே மருந்தடிக்கலாம். அறுத்ததும் தாளை உழுதுவிடுங்கள். மறுதாம்பு (அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிர்) விட்டால் வைரஸுக்கு அதுவே தங்குமிடம். அடுத்த பருவத்தில் ரகத்தை மாற்றுங்கள், பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே சமயத்தில் நடுங்கள். வாங்கும்போது 'துங்ரோ தாங்குமா?' என்று கேட்காதீர்கள். பூச்சியைத் தாங்குமா, வைரஸைத் தாங்குமா என்று கேளுங்கள்.