நடுத்தர நகரங்களில் காமிக்ஸ் விழா ஏன் நடப்பதில்லை? – கேள்வி பதில்

பெருநகரமும் அல்லாத, சிற்றூரும் அல்லாத நகரங்களில் வாழும் காமிக்ஸ் வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது: எங்கள் ஊரில் மட்டும் ஏன் ஒரு காமிக்ஸ் விழா இல்லை? பார்வையாளனாகவும், மேசை போட்டு விற்றவனாகவும், பின்னர் சிறிய விழாக்களை நடத்தும் குழுவில் ஒருவனாகவும் இருந்த பட்டறிவைக் கொண்டு இவற்றுக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

கேள்வி: எங்கள் நகரில் சில லட்சம் பேர் வாழ்கிறார்கள். சூப்பர் ஹீரோ படம் வெளியானால் திரையரங்குகள் நிரம்புகின்றன. ஆனால் ஒரு காமிக்ஸ் விழாகூட நடந்ததில்லை. படிப்பவர்கள் இல்லை என்பதுதான் உண்மையா?

பதில்: திரையரங்கில் கூடும் கூட்டத்தை முதலில் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். படம் பார்ப்பவர்களில் மிகச் சிலரே காமிக்ஸ் வாங்குபவர்கள். ஆயினும் படிப்பவர்களின் எண்ணிக்கைதான் தடை என்று நான் கருதவில்லை. ஃபிரான்சின் தென்மேற்கில் உள்ள அங்குலேம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000 மட்டுமே. அங்கே 1974இல் தொடங்கிய விழா ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற காமிக்ஸ் விழாவாக வளர்ந்தது. இத்தாலியின் லூக்கா நகரில் சுமார் 90,000 பேர் வாழ்கிறார்கள். 1966 முதல் அந்நகரோடு இணைந்துவிட்ட அதன் விழாவுக்கு 2022இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரமும் பெருநகரம் அன்று. அங்கே 1984 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை காமிக்ஸ் விழா நடக்கிறது.

ஆகவே தடை வேறிடத்தில் இருக்கிறது. விழா என்றவுடன் பெரிய மண்டபம், நடிகர்கள், நீண்ட வரிசை என்ற ஒரே படம் நம் மனத்தில் எழுகிறது. அந்த வகை விழாவின் செலவுகள் ஊரின் அளவுக்கேற்பக் குறைவதில்லை. மக்கள்தொகை பாதியாக இருப்பதால் காப்பீட்டுக் கட்டணமோ விருந்தினரின் விமானக் கட்டணமோ பாதியாகிவிடாது. வருமானம் மட்டும் பாதியாகும். மேலும், தீவிர ரசிகர்கள் எப்படியும் அருகிலுள்ள பெருநகரத்துக்குப் பயணம் செய்துவிடுவார்கள் என்பது பெரிய விழாக்களை நடத்தும் நிறுவனங்களுக்குத் தெரியும். தேடி வருகிற வாடிக்கையாளரின் வாசலுக்கே போய்க் கடை விரிக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

கேள்வி: அத்தகைய நிறுவனம் ஒன்றை நாமே அணுகி, ஒருமுறையாவது வாருங்கள் என்று கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், வரவும் கூடும். ஆனால் மறுமுறை வருவார்களா என்பதே கேள்வி. நடிகர் ஒருவரை அழைக்கும்போது அவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதி தருவது அந்தத் துறையின் வழக்கம். கையெழுத்துக்கும் ஒளிப்படத்துக்கும் ரசிகர்கள் கொடுக்கும் பணம் அந்தத் தொகையை எட்டாவிட்டால், எஞ்சியதை அமைப்பாளர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். நடுத்தர நகரங்களுக்கு வந்த விழாக்கள் ஒரே ஆண்டில் காணாமற்போவதற்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடே காரணம் என்பது என் கணிப்பு. அப்படிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், "அந்த ஊரில் கூட்டம் வராது" என்ற பேச்சையும் பரப்பிவிடுவார்கள். அதன்பின் உள்ளூர்க்காரர் ஒருவர் சிறிய அளவில் தொடங்க நினைத்தாலும் மண்டபக்காரரே தயங்குவார்.

கேள்வி: சிறிய அளவு என்கிறீர்கள். எவ்வளவு சிறியது? இருபது பேர் கூடுவதை விழா என்று சொல்ல முடியுமா?

பதில்: இருபது பேர் கூடினால் அது வாசகர் சந்திப்பு, அதுவும் நல்லதே. ஆனால் இன்றைய பெருவிழாக்கள் எவ்வளவு சிறிதாகத் தொடங்கின என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடக்கும், இன்று "காமிக் கான்" எனப்படும் விழாவின் வெள்ளோட்டம் 1970 மார்ச் 21 அன்று ஒரு விடுதியில் நடந்த ஒருநாள் நிகழ்ச்சி. வந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த மூன்று நாள் விழாவுக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். இன்று அங்கே 1,30,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். அதை இன்றும் நடத்துவது இலாப நோக்கற்ற ஓர் அமைப்புதான். டோக்கியோவில் 1975 டிசம்பர் 21 அன்று முதன்முதலாகக் கூடிய காமிகெட் சந்தையில் கலந்துகொண்டவை 32 குழுக்கள். வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். தாமே வரைந்து, தாமே அச்சிட்ட இதழ்களை விற்பதற்காக ரசிகர்கள் கூட்டிய சந்தை அது.

காமிகெட்டில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை ஒன்று உண்டு. அங்கே வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை; விற்பவர், வாங்குபவர், தொண்டர் அனைவரும் பங்கேற்பாளர்களே. பெரிய வணிக விழாவில், கட்டணம் செலுத்தியவர் தமக்கு யாரோ கேளிக்கை வழங்கவேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறார். நடுத்தர நகரத்தின் சிறு விழாவில் அந்த மனநிலையோடு வருபவர் ஏமாந்துதான் போவார். நாற்காலி எடுத்துப் போட்டவர், பழைய இதழ்களைக் கொண்டுவந்து பரப்பியவர், சிறுவர்களுக்குக் கட்டம் பிரித்துக் கதை வரையக் கற்றுக்கொடுத்தவர் என்று ஆளுக்கொரு வேலை இருந்தால், வந்தவர் 150 பேராக இருந்தாலும் அரங்கு நிறைந்ததாகவே தோன்றும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே குறையில்லை.

கேள்வி: கணக்கைச் சற்று விளக்குங்கள். இடத்துக்கும் மேசைக்கும் பணம் எங்கிருந்து வரும்?

பதில்: நான் பின்பற்றும் விதி எளிமையானது. நுழைவுச்சீட்டு ஒன்றுகூட விற்காவிட்டாலும், விற்பவர்கள் தங்கள் மேசைக்காகச் செலுத்தும் கட்டணத்தை மட்டும் கொண்டு இடத்தின் வாடகையைக் கட்ட முடிய வேண்டும். முப்பது மேசைகள் போடக்கூடிய இடம் என்றால், வாடகை, நாற்காலி, துப்புரவு, அறிவிப்புத் தாள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை இருபதால் வகுத்து ஒரு மேசையின் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். முப்பதால் வகுக்காதீர்கள், சிலர் கடைசி நேரத்தில் வராமற்போவார்கள், சில மேசைகளைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வாறு வந்த கட்டணம் ஒரு புதிய ஓவியருக்குக் கட்டுப்படியாகாது என்று தோன்றினால், அந்த இடம் உங்களுக்குப் பெரியது, வேறிடம் பாருங்கள்.

கேள்வி: நான் காமிக்ஸ் வரைபவள். வெளியூரில் ஒரு சிறு விழாவுக்குப் பயணம் செய்து, நாள் முழுவதும் ஈ ஓட்டிவிட்டுத் திரும்பினேன். இனி எதற்காகப் போக வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது, அம்மா. விழா இல்லாத குறையைப் பற்றி வாசகர்கள் பேசுகிற அளவுக்கு, மோசமாக நடத்தப்படும் விழாவின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அமைப்பாளருக்கு மேசைக் கட்டணம் முன்பே வந்துவிடுகிறது. ஓவியரோ மேசைக் கட்டணம், பயணம், தங்குமிடம், அச்சுச் செலவு ஆகிய நான்கையும் ஒரே பகலில் மீட்க வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் குறைவாகவும் மேசைகள் அதிகமாகவும் இருந்தால், இருக்கிற சிறு பணம் எல்லா மேசைகளுக்கும் சிதறி எவருக்கும் முதல்கூடத் தேறாது. இதனால்தான் இன்னும் பத்து மேசை சேர்த்தால் வருமானம் கூடுமே என்ற ஆசையை அமைப்பாளர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

ஒரு நகரின் முதல் விழாவுக்கு அழைப்பு வந்தால் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: மொத்தம் எத்தனை மேசைகள், தங்குவதற்கு உள்ளூர்க் குழுவினர் தம் வீடுகளில் இடம் தருவார்களா, விழா நின்றுபோனால் கட்டணம் எத்தனை நாளில் திரும்பும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான விடை வந்தால் போகாதீர்கள். என் முதல் மேசைக்கான கட்டணம், விழா தள்ளிவைக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, இன்றுவரை திரும்பவில்லை. அமைப்பாளர்களுக்கும் ஒரு சொல்: முதலாண்டில் வெளியூர் ஓவியர்களை விட உள்ளூர் ஓவியர்களை நம்புங்கள். பயணச் செலவு இல்லாத ஒருவர் ஐந்து பிரதிகள் விற்றாலும் மனநிறைவோடு வீடு திரும்புவார். அடுத்த ஆண்டும் வருவார்.

கேள்வி: நான் பொது நூலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்களால் ஏதேனும் செய்ய முடியுமா?

பதில்: நடுத்தர நகரத்தில் இந்த வேலையைத் தொடங்க உங்களை விடப் பொருத்தமானவர் இல்லை. இடம், மேசை, கழிப்பறை, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தெந்தக் காமிக்ஸ் எத்தனை முறை இரவல் போயிற்று என்ற பதிவேடும் இருக்கிறது. "ஆர்வமாக இருக்கிறேன்" என்று இணையத்தில் அழுத்திய ஆயிரம் பேரை விட, சென்ற ஆண்டு நூல்களை எடுத்துச் சென்ற நூறு பேரே எனக்கு நம்பகமான கணக்கு. நூலகத்துக்குள் விற்பனைக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலிலேயே எழுத்து வடிவில் பெற்றுவிடுங்கள். பல இடங்களில் ஏற்பாடு முழுவதும் முடிந்தபிறகே இந்தச் சிக்கல் தலைதூக்குகிறது. கடைக்காரர்களையும் மறக்க வேண்டாம்: அமெரிக்காவின் சார்லட் நகரில் 1982 முதல் நடந்துவரும் ஹீரோஸ்கான் விழாவைத் தொடங்கியவர் உள்ளூர்க் காமிக்ஸ் கடைக்காரர்தான்.

கேள்வி: எங்கள் நகரில் பெரிய மண்டபமே இல்லை. அப்படியானால் வாய்ப்பே இல்லையா?

பதில்: லூக்காவின் விழா 2006 முதல் பழைய கோட்டைச் சுவருக்குள், சதுக்கங்களில் போட்ட கூடாரங்களிலும் பழைய கட்டடங்களிலும் நடக்கிறது. அங்குலேமிலும் விழா ஒரே கூரையின்கீழ் அடங்கியதில்லை. ஓவியப் பட்டறை நூலகத்தில், விற்பனை பள்ளி அரங்கில், உரையாடல் புத்தகக் கடையில் என்று நடந்துபோகும் தூரத்தில் மூன்று சிறு இடங்கள் இருந்தால் போதும். ஆனால் அவற்றுக்கிடையே வழிகாட்டும் பலகைகளை வைக்கத் தவறினால் மூன்றில் ஓரிடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

கேள்வி: இலவச நுழைவு என்றால் மதிப்புக் குறைந்துவிடாதா?

பதில்: எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஐயம் இருந்தது. ஆனால் வாசலில் கட்டணம் செலுத்தாதவர் அந்தப் பணத்தை உள்ளே ஓர் இதழ் வாங்கச் செலவிடக்கூடும். குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்குக் கட்டணம் என்பது நான்கு மடங்காகும் தடை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இலவசம் என்பதே என் பரிந்துரை. நண்பர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

கேள்வி: விழாவுக்கு ஊரின் பெயருடன் "காமிக் கான்" என்று சேர்த்து வைக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சான் டியாகோ அமைப்பு அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவில் வணிகக்குறி உரிமை கொண்டாடி, சால்ட் லேக் நகரின் விழா அமைப்பாளர்கள்மீது 2014இல் வழக்குத் தொடுத்தது. 2017 டிசம்பரில் நடுவர் குழு அந்த உரிமை செல்லும் என்று முடிவு செய்தது. விதிக்கப்பட்ட இழப்பீடு 20,000 டாலர்தான். ஆனால் வழக்குச் செலவு அதைப் போலப் பல மடங்கு. அந்த விழா பெயரையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்றாலும், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நடிகர்களை எதிர்பார்ப்பார்கள் என்பது எங்கும் மாறாது. சந்தை, திருவிழா, கூடல் போன்ற சொற்களே உங்கள் அளவுக்குப் பொருந்தும்.

கேள்வி: கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வருபவர்களை அனுமதிக்க வேண்டுமா?

பதில்: அவசியம் அனுமதியுங்கள், அறிவிப்புத் தாள்களால் ஈர்க்க முடியாத பலரைத் தெருவில் நடந்துவரும் ஒரு வேடம் ஈர்த்துவிடும். ஓர் உடைமாற்றும் அறையும், கூர்மையான பொருள்களுக்குத் தடையும், அனுமதி கேட்காமல் தொடவோ படமெடுக்கவோ கூடாது என்ற பலகையும் கட்டாயம். அந்தப் பலகையை மீறுபவரை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒருமுறை நடத்தினோம். கூட்டமும் வந்தது. ஆனால் குழு கலைந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு நடக்கவே இல்லை. எங்கே தவறினோம்?

பதில்: நீங்கள் அனுப்பிய விவரங்களைப் பார்த்தால் மண்டபம், கணக்கு, விருந்தினர், அறிவிப்பு ஆகிய நான்கையும் ஒருவரே சுமந்திருக்கிறார். விழா முடிந்த மறுவாரமே அவர் களைத்துப்போயிருப்பார். அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கணக்கு ஒருவரிடமும் இடம் தொடர்பான வேலைகள் இன்னொருவரிடமும் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆண்டு அந்த வேலையை ஏற்கப்போகும் ஒரு துணையாள் இருக்கட்டும். வரவு செலவை விழா முடிந்த பதினைந்து நாளுக்குள் அனைவருக்கும் காட்டிவிடுங்கள். கலைந்துபோன குழுக்களில் நான் கண்ட மனக்கசப்பின் பெரும்பகுதி இழப்பால் வந்ததன்று, கணக்குத் தெரியாததால் வந்தது.

இன்னொன்று: முதல் விழாவின் மாலையில், கூட்டம் கலைவதற்கு முன்பே, அடுத்த ஆண்டின் தேதியை வாசல் பலகையில் எழுதிவிடுங்கள். அருகிலுள்ள பெருநகர விழாவிலிருந்து குறைந்தது இரண்டு மாதமேனும் தள்ளியிருக்கும் தேதியாக, தேர்வுக் காலத்தில் வராத தேதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான முன்பணத்தை அன்றைய மேசைக் கட்டணத்திலிருந்தே கட்டிவிடலாம். உங்கள் நகரைப் பொறுத்தவரை, பழைய குழுவில் மூவர் இன்னும் ஆர்வத்தோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது மேசைக்கு மூவர் போதும்.