புதிய குழு அரட்டைச் செயலிக்குப் பயனர்களின் கருத்தை எப்படிப் பெறுவது?

உலாவியில் இயங்கும் குழு அரட்டைச் செயலி ஒன்றை நண்பருடன் சேர்ந்து உருவாக்கியிருப்பதாகவும், அதன் இணைப்பைப் பலருக்கு அனுப்பியும் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொல்லவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூவர் கோயம்புத்தூரில் இதே நிலையில் தவித்தோம். அப்போது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் குழுக்களைத் தேடுங்கள். கணக்குப் போடும் செயலியையோ படம் திருத்தும் செயலியையோ ஒருவர் தனியாகப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல முடியும். அரட்டைச் செயலிக்குள் தனியாக நுழைபவர் காண்பதோ ஆளில்லாத வெற்று அறை. "வணக்கம்" என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு வெளியேறும் அவரிடம் சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் இருக்காது. ஏற்கெனவே தினமும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குழுவிடம், தங்கள் வேலைகளில் ஒன்றை மட்டும் இரண்டு வாரங்களுக்கு உங்கள் செயலியில் நடத்திப் பார்க்குமாறு கேளுங்கள்.

அலுவலக அணிகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலி இப்படித்தான் தொடங்கியது. 2013இல் அதன் நிறுவனர்கள் பிற நிறுவனங்களில் இருந்த நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்டு, அவர்களுடைய அணிகளைப் பயன்படுத்த வைத்தார்கள். அவற்றுள் ஒன்றான ஆர்டியோ என்ற இசைச் சேவை நிறுவனத்தில் சிறிய அணியிடமிருந்து நிறுவனம் முழுவதற்கும் அது பரவியபோதுதான், சில பேருக்குச் சரியாக இருந்த அமைப்பு பெரிய கூட்டத்துக்குப் பொருந்தவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதைத் திருத்திய பிறகே ஆகஸ்டில் முன்னோட்டப் பதிப்பை அறிவித்தார்கள். முதல் நாளிலேயே சுமார் 8,000 பேர் அதில் சேர அழைப்புக் கேட்டார்கள். ஆகவே நீங்களும் நான்கு பேர், பதினைந்து பேர், ஐம்பது பேர் என வெவ்வேறு அளவுள்ள குழுக்களைப் பிடிப்பது நல்லது.

எங்களுக்கு வாய்த்தது 22 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம். தண்ணீர் லாரி வரும் நேரத்தை மட்டும் எங்கள் செயலியில் தெரிவிப்பது என்று பேசிக்கொண்டோம். கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்குப்பா" என்றுதான் சங்கச் செயலாளர் அம்மா சொன்னார். ஒரு நாள் அனுமதி பெற்று அவர் அருகில் அமர்ந்திருந்தேன். அவர் கைப்பேசியில் ஒரு வரி எழுதி, அடுத்த வரிக்குப் போவதற்காக எண்டர் விசையைத் தட்டினார், செய்தி போய்விட்டது. நான்கு வரி அறிவிப்பு நான்கு துண்டுகளாகச் சென்று, 22 வீட்டுக் கைப்பேசிகளும் நான்கு முறை ஒலித்தன. பிறகு அதே அறிவிப்பை வாட்ஸ்அப்பிலும் எழுதினார். ஏன் என்று கேட்டேன். "இதுல யாரும் பார்த்த மாதிரியே தெரியலையே" என்றார். யார் யார் படித்தார்கள் என்று காட்டும் குறி எங்கள் செயலியில் இல்லை. ஆறு மாதங்களாக நாங்கள் வேலை செய்துகொண்டிருந்ததோ வண்ணங்களிலும் எமோஜிகளிலும். எந்தக் கருத்துப் படிவமும் எங்களுக்குச் சொல்லாததை அந்தப் பத்து நிமிடங்கள் சொல்லிவிட்டன.

தமிழில் பெயர் எழுதுவோர் உங்கள் பயனர்களில் இருந்தால், அவர்களுடைய திரையையும் ஒருமுறை பாருங்கள். பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வசதியில் கீதா, கோமதி, குமார் மூவருக்கும் எங்கள் செயலி "க" என்றே காட்டியது. கணினி முதல் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உயிர்க்குறியை விட்டுவிட்டதே காரணம். இதை எவரும் புகாராகச் சொல்லவில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

"பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல நம்மவர்க்கு மனம் வராது. "கடைசியாக எந்தச் செய்திக்காகப் பழைய குழுவுக்குத் திரும்பிப் போனீர்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். கருத்துச் சொல்லும் வழியைச் செயலிக்குள் மட்டும் வைத்துவிடாமல், ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள். செயலி திறக்காத நாளில்தான் அவர்கள் உங்களிடம் பேச வேண்டியிருக்கும்.

வலைச்செயலி என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஐபோனில் இணையதளங்களின் அறிவிப்புகள் 2023இல் வந்த ஐஓஎஸ் 16.4 பதிப்பிலிருந்துதான் வருகின்றன, அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே. "இதில் யாரும் பதில் சொல்வதில்லை" என்று ஒரு குழு சொன்னால், செயலி பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுமுன் எத்தனை பேருக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

இவற்றுக்கிடையில் அவர்களுடைய உரையாடல்களை நீங்கள் படிக்கக் கூடாது. தரவுத்தளம் உங்கள் கையில் இருக்கும்போது, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் ஆசை வரத்தான் செய்யும். நாளொன்றுக்கு எத்தனை செய்திகள், எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கை போதும். எதைச் சேமிக்கிறீர்கள், சோதனை முடிந்ததும் எப்போது அழிப்பீர்கள் என்பதைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். குழுவைச் சேர்த்துவிட்டவருக்கு மட்டும் சொன்னால் போதாது, ஏனெனில் மற்றவர்கள் அவர் சொன்னதற்காகவே உள்ளே வந்தவர்கள்.