தாத்ரியின் பழிவாங்கல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிற்பியின் மொழிபெயர்ப்பில் லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் 'அக்னிசாட்சி' படித்தேன். பிறகு அவருடைய 'பிரதிகார தேவதா' சிறுகதையை ஆங்கிலத்தில் வாசித்தேன். அதில் தாத்ரியின் ஆவி சொல்லும் ஸ்மார்த்தவிசாரம் பிடிபடவில்லை. நம்மூர்ச் சாதிப் பஞ்சாயத்து மாதிரியா? தன்னோடு உறவுகொண்ட ஆண்களின் பெயரைத் தாத்ரி சொல்வது எப்படிப் பழிவாங்கலாகும்? தண்டனை அவளுக்கும்தானே?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

பஞ்சாயத்து என்றால் குற்றம் சாட்டப்பட்டவள் கூட்டத்தின் நடுவே நிற்பாள். இங்கே குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அவள் யார் கண்ணிலும் பட மாட்டாள்.

அந்தக் காலத்தில் கேரளப் பிராமணர்களான நம்பூதிரிகளின் வீட்டுப் பெண் ஒழுக்கம் தவறியதாகச் சந்தேகம் வந்தால் நடத்தும் விசாரணைதான் ஸ்மார்த்தவிசாரம். முதலில் அவளுடைய பணிப்பெண்ணைக் கேட்பார்கள், இது தாசிவிசாரம். அதில் குற்றச் சாயல் தெரிந்தால் அவளைப் பிரித்து அஞ்சாம்புரை என்ற தனியிடத்தில் அடைப்பார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பெயர் கிடையாது, 'சாதனம்' என்றுதான் சொல்வார்கள். அரசர் விசாரணை நடத்த ஸ்மார்த்தனையும், அவருக்குத் துணையாக மீமாம்சகர்கள் என்ற சாஸ்திரம் அறிந்தவர்களையும், தன் சார்பில் மேற்பார்க்க அககோய்மா என்பவரையும் அனுப்புவார். ஸ்மார்த்தன் கதவுக்கு வெளியே நின்று பணிப்பெண் வழியாகக் கேள்வி கேட்பார். அககோய்மா வாயே திறக்கக் கூடாது. கேள்வி முறை தவறினால் தன் மேல்துணியைக் கீழே போடுவார், அதுதான் ஆட்சேபம். (இவ்வளவு நுணுக்கமும் ஒரு பெண்ணை வெளியே தள்ளுவதற்கு!)

அவள் ஒப்புக்கொள்ளாமல் விசாரணை முடியாது. மாதக்கணக்கிலும் இழுக்கும். ஒப்புக்கொண்டதும் மறைவு போய்விடும், ஸ்மார்த்தன் நேருக்கு நேராகக் கேட்கலாம். அப்போதுதான் ஆண்களின் பெயர்கள் வரும். கடைசியில் 'ஸ்வரூபம் சொல்லல்', அதாவது நடந்ததை முழுக்கச் சபையில் எடுத்துச் சொல்வது. பெயர்களை உரக்க அறிவிக்க நம்பூதிரி நாக்கு கூசும், அதற்கு ஒரு பட்டரை, நம் பக்கத்துப் பிராமணரை, வைத்திருப்பார்கள். வெளியே போகும்போது பிறர் பார்வையில் படாமல் அவள் பிடிக்கும் மறைக்குடையைப் பிடுங்கிக்கொண்டு, உயிரோடு இருப்பவளுக்கே ஈமக்கடன் செய்து முடிப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு விடை இந்த நடைமுறைக்குள்ளேயே இருக்கிறது. பெயர் சொல்லப்பட்ட ஆணுக்கும் சாதி போகும். அவன் தரப்பைச் சொல்ல அநேகமாக வழி இல்லை. பழைய காலத்தில் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கைவிடும் 'கைமுக்கு' என்ற சோதனை இருந்தது, அதையும் சுவாதித் திருநாள் நிறுத்திவிட்டார். ஆக, பெண்ணைப் பிடிக்கப் போட்ட வலையில் அவள் யாரை இழுத்தாலும் விழுவார்கள். 1905-இல் கொச்சி சமஸ்தானத்தில் குறியேடத்து தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண் செய்தது அதுதான். அவள் சொன்ன பெயர்கள் 64 என்பது பரவலான கணக்கு. நம்பூதிரிகள், ஐயர்கள், கோயில் பணி செய்யும் அம்பலவாசிகள், நாயர்கள் எல்லாரும் அதில் உண்டு. அந்த வழக்கில் மட்டும் ஆண்கள் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய அரசர் அனுமதித்தார். அதிலும் அவள் அசரவில்லை.

லலிதாம்பிகா பிறந்தது இதற்கு நான்கு வருடம் கழித்து, 1909-இல். கதை வந்தது 1938-இல். தாத்ரியின் ஆவியைப் பேசவைத்ததை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, கதைசொல்லி அவளோடு முழுக்க ஒத்துப்போகாதது. இத்தனை பேரை வீழ்த்தியதால் மற்ற அந்தர்ஜனங்களுக்கு, அதாவது நம்பூதிரிப் பெண்களுக்கு, என்ன கிடைத்தது என்ற மனத்தாங்கல் கதைக்குள் இருக்கிறது. இது ஒழுக்கப் பாடமில்லை, முப்பதுகளின் நம்பூதிரிச் சீர்திருத்த இயக்க அரசியல். அந்த இயக்கத்தைச் சேர்ந்த வி.டி. பட்டதிரிப்பாடின் 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' (அடுக்களையிலிருந்து அரங்குக்கு) நாடகம் 1929-இல் மேடையேறியது. 1934-இல் அதே இயக்கத்தவரான எம்.ஆர்.பி. (எம்.ஆர். பட்டதிரிப்பாடு) விதவையான உமா அந்தர்ஜனத்தை மணந்தார். லலிதாம்பிகாவும் விதவை மறுமணத்தைப் பற்றி 'புனர்ஜன்மம்' என்றொரு நாடகம் எழுதினார். தனி ஒருத்தியின் கோபம் போதாது, கூட்டமாக வெளியே வர வேண்டும் என்று நினைத்த தலைமுறை அது.

'அக்னிசாட்சி'யை மறுபடி எடுத்தால் இல்லத்துக்கு மருமகளாக வரும் தேத்தியைவிட, அந்த இல்லத்து நம்பூதிரிக்கு நாயர் பெண்ணிடம் பிறந்த தங்கத்தைக் கவனியுங்கள். அன்று நம்பூதிரி இல்லத்தில் மூத்த மகன் மட்டுமே சாதிக்குள் மணம் செய்ய முடிந்தது. தம்பிகளுக்கு நாயர் பெண்களோடு சம்பந்தம் என்ற உறவுதான், அதில் பிறந்த பிள்ளைகளுக்கு இல்லத்தில் உரிமை இருக்கவில்லை. பெற்ற தகப்பனே தங்கத்தைத் தொட்டால் குளிக்க வேண்டும். சம்பந்தத்தை வைப்பு என்று நம் கணக்கில் எடுத்துக்கொண்டால் இங்கே நாவல் கைநழுவிவிடும். தங்கத்தின் அம்மா தன் தரவாட்டில், அதாவது தாய்வழி நாயர் குடும்பத்தில், மரியாதையோடு இருப்பவள். மலையாளம் வாசிக்க வருமானால் லலிதாம்பிகாவின் 'ஆத்மகதைக்கு ஒரு ஆமுகம்' நூலையும் சேர்த்துப் படியுங்கள்.