பியானோ இல்லாத இரவு

அன்புள்ள ஐயா,

ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸின் ‘எ நைட் அட் தி வில்லேஜ் வான்கார்ட்’ நேரடிப் பதிவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதைக் கைப்பேசியில் மூன்று முறை கேட்டேன். சாக்ஸஃபோனும், தாழ்ந்த ஸ்வரங்களை ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியமான பாஸும், டிரம்ஸும் மட்டும் ஒலிப்பது பாதி கட்டிய வீடு போலத் தோன்றுகிறது. அன்று பியானோ வாசிப்பவர் வரவில்லையா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பியானோவை வேண்டாமென்று விட்டவர் ராலின்ஸேதான். 1957 மார்ச்சில், ரே பிரவுனின் பாஸையும் ஷெல்லி மானின் டிரம்ஸையும் மட்டும் துணைக்கு வைத்து ‘வே அவுட் வெஸ்ட்’ இசைத்தட்டைப் பதிவு செய்திருந்தார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று, நியூயார்க்கில் ஒரு குறுகலான நிலவறையில் இயங்கும் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் மன்றத்தில், ரசிகர்கள் முன்னிலையில் அதே அமைப்பில் வாசித்தார். அந்த மன்றத்தில் பதிவான முதல் நேரடி இசைத்தட்டு இதுதான்.

பியானோ இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நடக்கிறது என்பதை அது வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாக்ஸஃபோன் கலைஞர் சற்று விலகிப் போனால், விலகல் உடனே உரசலாகக் கேட்கும். அது இல்லாதபோது கார்டின் அடித்தளத்தைப் பாஸ் மட்டுமே தொட்டுக் காட்டுகிறது, மற்ற ஸ்வரங்களை ராலின்ஸ் தம் விருப்பப்படி நிரப்பவும் மாற்றவும் நிரப்பாமலே விடவும் முடிகிறது. ‘சோனிமூன் ஃபார் டூ’ என்ற உருப்படியில் இது துலக்கமாகத் தெரியும். பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட புளூஸ் வடிவம் அது. மேலிருந்து இறங்கும் நான்கு பார் சொற்றொடர் ஒன்றை மூன்று முறை வாசித்தால் மெட்டு முடிந்துவிடும். பிறகு வரும் மனோதர்மத்தில் ராலின்ஸ் அந்தச் சொற்றொடரின் துண்டுகளையே எடுத்து நீட்டுகிறார், நறுக்குகிறார், பாதியில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அந்த இடைவெளிகளில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பதில் சொல்கிறது. வில்பர் வேர் குறைவான ஸ்வரங்களோடு நின்று நிதானித்துப் பாஸ் வாசிக்கிறார். பியானோ இருந்திருந்தால் இந்த உரையாடலுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

உங்கள் குறை முற்றிலும் தவறென்றும் சொல்லமாட்டேன். மெதுவாகச் செல்லும் ‘ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்’டில் எனக்கே பியானோ வந்தால் தேவலை என்று தோன்றியதுண்டு.

தலைப்பு இரவு என்றாலும் அன்று பிற்பகலிலும் வாசித்தார்கள். அப்போது பாஸில் டொனால்ட் பெய்லியும் டிரம்ஸில் பீட் லா ரோக்காவும் உடனிருந்தார்கள். முதலில் வெளியான இசைத்தட்டில் ஆறு உருப்படிகளே இருந்தன. முழுத் தொகுப்பு கிடைத்தால் ‘எ நைட் இன் துனிசியா’வின் பிற்பகல் வடிவத்தையும் இரவு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; டிரம்ஸ் வாசிப்பவர் மாறியதும் ராலின்ஸின் நடை எப்படி மாறுகிறது என்பது பிடிபடும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பாஸ் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அடுத்த முறை நல்ல ஹெட்ஃபோனில், சாக்ஸஃபோனை விட்டுவிட்டுப் பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.