பாஸ்வேர்டு மேனேஜர் எக்ஸ்டென்ஷன் பிரௌசரில் திடீரென்று வேலை செய்யவில்லை. அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

அழிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது அழிக்காதீர்கள்.

எதற்கெடுத்தாலும் "ரிமூவ் பண்ணிட்டு ரீ-இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டுக் கம்பத்தில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஐடி கம்பெனியில் இருக்கிறவர்கள் வந்து "டெக்னிக்கலா இது சரியில்லையே" என்று ஆரம்பிக்க வேண்டாம். தினமும் பத்துப் பேருடைய பாஸ்வேர்டைக் கையில் வைத்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நேற்று வரைக்கும் ஒழுங்காக இருந்தது. இன்று ஐகான் மங்கிக் கிடக்கிறது, அல்லது ஐகானே காணோம். இவ்வளவு நாளும் பின் நம்பரோ விரல்ரேகையோ வைத்துத்தான் திறந்திருப்பீர்கள். எல்லாவற்றையும் திறக்கிற அந்த ஒற்றை மாஸ்டர் பாஸ்வேர்டை முழுசாக டைப் அடித்து எத்தனை காலம் ஆயிற்று? யோசித்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனை அழித்தால் அந்தப் பின் நம்பரும் அதோடு போய்விடும். மறுபடி போட்டதும் முதலில் கேட்கப்போவது மாஸ்டர் பாஸ்வேர்டு. ஓடிபி மாதிரி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அதையும் கேட்கும். மறந்துவிட்டது என்று கம்பெனிக்கு மெயில் போட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். அவர்களுக்கே தெரியாதபடி வைத்திருப்பதுதான் இந்தச் சாமானின் அடிப்படை.

ஆகவே முதல் வேலை, பாஸ்வேர்டெல்லாம் இருக்கிற உங்கள் பெட்டகம் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வேறு வழியில் திறக்கிறதா என்று பார்ப்பது. பிட்வார்டன் மாதிரி இணையத்தில் வைக்கிற வகை என்றால் அதன் தளத்துக்கே போய் உள்ளே நுழைந்து பாருங்கள். கம்ப்யூட்டரிலேயே வைக்கிற கீபாஸ் வகை என்றால், பெட்டகமாக இருக்கிற கேடிபிஎக்ஸ் கோப்பு எங்கே கிடக்கிறது என்று தேடி, அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, மென்பொருளிலேயே நேராகத் திறந்து பாருங்கள். போனில் ஆப் திறந்தபடி இருந்தால் மிக நல்லது. ஆனால் "மாஸ்டர் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்கலாம்" என்று போனில் லாக்-அவுட் மட்டும் செய்துவிடாதீர்கள். மறந்துபோயிருந்தால் உங்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி அந்தப் போன்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பலருக்கும் கடை கம்பத்தில் இருக்கும், தோட்டம் மலைமேல் இடுக்கியில் இருக்கும். என் மாமனாரும் அப்படித்தான். வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டமும் காய் வியாபாரமும். கீழே கம்பத்தில் கடை. இதனால் ஒரே ஆளுக்கு, ஒரே பான் எண்ணில், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் ஒன்று, 32 என்று தொடங்கும் கேரள எண் ஒன்று. நுழைகிற தளம் இரண்டுக்கும் ஒன்றே. யூசர் நேம், பாஸ்வேர்டு மட்டும் வேறு வேறு. முன்பெல்லாம் மாமா இதையெல்லாம் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார். டிசம்பர் முடிந்ததும் காலண்டர் அடுப்புக்குப் போகும், ஜனவரியில் எனக்குப் போன் வரும். அதனால்தான் மலைமேல் இருக்கிற அவருடைய ஸ்டோர் கம்ப்யூட்டரில் கீபாஸ் எக்ஸ்சி போட்டு, ஃபயர்ஃபாக்ஸில் அதன் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து, "கேரளா 32", "தமிழ்நாடு 33" என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். மாமா அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். யார் வந்தாலும் திறந்து காட்டுவார். அது வேறு தலைவலி.

2025 மார்ச் நடுவில், ஜிஎஸ்டியில் மாதாமாதம் போடுகிற 3பி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கடைசி என்று நான் ஓடிக்கொண்டிருந்த நேரம், போன் வந்தது. "மாப்ள, பூட்டு தெறக்க மாட்டேங்குது. ரிப்பேர் கடைத் தம்பியக் கூப்ட்ருக்கேன், நீங்க வரவேணாம்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டியை எடுத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினேன்.

போய்ப் பார்த்தால் அந்தத் தம்பி ஏற்கெனவே எக்ஸ்டென்ஷனை அழித்திருந்தான். "ஒன்னு ரீ-இன்ஸ்டால் செய்தா மதி சேட்டா" என்றான், மறுபடி போட்டாலே போதுமாம். சரி, ரீ-இன்ஸ்டால் ஆனதா? ஆகவில்லை. சரிபார்க்க முடியவில்லை என்று பிரௌசர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. உடனே அவனுக்கு ஒரு யோசனை: கம்ப்யூட்டரின் தேதியை ஜனவரிக்குத் தள்ளிவிட்டான். எக்ஸ்டென்ஷன் உள்ளே வந்துவிட்டது! மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இப்போது ஜிமெயில் திறக்கவில்லை. அதன் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளே இன்னும் வரவில்லை என்று பிரௌசர் நினைத்துக்கொண்டது. ஜிமெயில் இரண்டாம் கட்டமாகக் கேட்கிற ஆறு இலக்க எண்ணையும் கீபாஸில்தான் வைத்திருந்தேன். அந்த எண் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வைத்து முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறுவது. கடிகாரம் ஜனவரியில் நின்றால் எண்ணும் ஜனவரி எண்தான். ஜிமெயில் திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்தத் தம்பி ஒன்றைச் சரிசெய்யப் போய் இரண்டைக் கெடுத்துவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு, சாயாவும் குடித்துக்கொண்டிருந்தான்.

உண்மையில் நடந்தது இதுதான். ஃபயர்ஃபாக்ஸ் எந்த எக்ஸ்டென்ஷனையும் அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் ஓட விடும். அந்தச் சரிபார்ப்புக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-ஆம் தேதி காலாவதியாக இருந்தது. 128-ஆம் பதிப்புக்கு முந்தையவற்றையும், 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவு வரிசையில் 115.13-க்கு முந்தையவற்றையும் வைத்திருப்பவர்கள் அதற்குள் அப்டேட் செய்துவிடுங்கள் என்று ஃபயர்ஃபாக்ஸைச் செய்கிற மொசில்லா முன்கூட்டியே சொல்லியிருந்தது. மாமாவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. அதில் ஓடக்கூடிய கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசையே 115 ஈஎஸ்ஆர்தான். அதற்கும் அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் "அப்டேட் போட்டா மெஷின் ஸ்லோ ஆகும்" என்று அதே ரிப்பேர் கடையில் முன்பே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் பாவம், அது என்ன செய்யும்?

தேதியைத் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் விட்டேன். ஃபயர்ஃபாக்ஸை அப்டேட் செய்தேன். பிறகு எக்ஸ்டென்ஷனைப் போட்டால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உட்கார்ந்தது. தம்பி அழிக்காமல் விட்டிருந்தால் அப்டேட் முடிந்ததும் அது தானாகவே உயிர்பெற்றிருக்கும், கீபாஸோடு மறுபடி இணைக்கிற வேலையும் எனக்கு இருந்திருக்காது.

இது புதிதும் இல்லை. 2019 மே மாதத் தொடக்கத்தில் இதே மாதிரி வேறொரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அப்போது மொசில்லாவே சொன்னது, அழித்துவிட்டு மறுபடி போட்டு இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அழித்தால் அதிலுள்ள தரவும் போய்விடும் என்று. செய்தவர்களே சொல்கிறார்கள், நம் ஊர் ரிப்பேர் கடைகள் கேட்க வேண்டுமே.

உங்களுடையது குரோம் என்றால் கதை கொஞ்சம் வேறு. விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் புதியதாக இருந்தும் எக்ஸ்டென்ஷன் அணைந்திருந்தால், அது மேனிஃபெஸ்ட் 2 என்ற பழைய முறையில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். அந்த வகையை குரோம் 2024-லிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது. பராமரிப்பவர் கைவிட்ட எக்ஸ்டென்ஷன் என்றால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், பெட்டகத்தை ஏற்றுமதி செய்துகொண்டு வேறு இடம் பார்ப்பதுதான் வழி. ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக வாசிக்கிற மாதிரி இருக்கும். அதை டவுன்லோட்ஸில் போட்டு வைப்பது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது எல்லாம் கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அழிக்க வேண்டியது அதைத்தான்.

கீபாஸ் எக்ஸ்சி என்றால் முதலில் மென்பொருள் திறந்து, பூட்டு நீக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அமைப்புகளில் பிரௌசர் இணைப்பு டிக் ஆகி, உங்கள் பிரௌசரின் பெயரும் டிக் ஆகியிருக்க வேண்டும். சும்மா எக்ஸ்டென்ஷன் மட்டும் தனியாக ஒன்றும் செய்யாது. இன்னொன்று: பிரைவேட் விண்டோவில் வேலை செய்யவில்லை என்று புலம்பிப் பிரயோஜனம் இல்லை, அங்கே எக்ஸ்டென்ஷன் ஓட நீங்கள்தான் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். பிரௌசரின் சொந்தப் பாஸ்வேர்டு சேமிப்பும் கூடவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே கட்டத்துக்குச் சண்டை போடும். ஒன்றை அணையுங்கள்.

சில சமயம் அது வேலை செய்யாமல் இருப்பதே சரியாகவும் இருக்கும். ஜிஎஸ்டி தளத்துக்குச் சேமித்தது, சரக்கு அனுப்பப் போடுகிற ஈ-வே பில் தளத்தில் வராது. இரண்டும் வேறு வேறு முகவரி. அதே மாதிரி, கரண்ட் பில் கட்டச் சொல்லி வந்த ஒரு லிங்கைத் திறந்து, "இங்க மட்டும் ஃபில் ஆகல" என்று என் கஸ்டமர் ஒருவர் சத்தம் போட்டார். முகவரியைப் பார்த்தால் அது மின்வாரியத் தளமே இல்லை. கட்டம் காலியாக இருந்தால் முதலில் மேலே முகவரியைப் படியுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

"இவ்வளவு எதுக்கு, நோட்டுல எழுதி வெச்சாப் போதாதா" என்று யாராவது வருவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் ஒரு தாளில் எழுதி நகைப் பெட்டியில் வைக்கச் சொல்லி நானே சொல்கிறேன். ஆனால் இருபது தளத்துக்கும் வாயில் நுழையாத பாஸ்வேர்டு வைத்து, அதை மலைமேல் மங்கல் பல்ப் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்து அடிக்கச் சொன்னால் மாமா கடைசியில் எல்லாவற்றுக்கும் பேத்தி பெயரையே வைப்பார். வைத்திருந்தார். அதிலும் ஒரு வங்கித் தளம், பேர் வேண்டாம், பாஸ்வேர்டு கட்டத்தில் பேஸ்ட் செய்யவே விடாது. பாதுகாப்பாம்! நீளமான பாஸ்வேர்டு வைக்கிறவனைத்தான் இது தண்டிக்கிறது. அங்கே கீபாஸில் இருக்கிற, பாஸ்வேர்டைத் தானே டைப் அடித்துக் கொடுக்கிற ஆட்டோ-டைப் கைகொடுக்கும். அதற்கு எக்ஸ்டென்ஷன் தேவையே இல்லை. பாஸ்வேர்டு ஒழுங்காகப் போனாலும் அப்புறம் ஓடிபி. சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் மொட்டை மாடியில் நிற்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? ஈ-வே பில்லுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் ஆனபின் மாமா அங்கேதான் நிற்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. இவ்வளவு பூட்டும் சாவியும் எதற்கு? காய் விற்ற காசுக்குக் கணக்குக் காட்டத்தான். அந்தக் காயின் விலையைப் போடி, புற்றடி ஏலத்தில்தான் முடிவு செய்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரிகள் திரும்ப ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்பது விவசாயிகளின் பழைய புகார். அந்தப் புகாரில் எனக்கும் நம்பிக்கை உண்டு. மாமாவும் பாதி வியாபாரி என்பதால் வீட்டில் இதைப் பேச முடியாது; அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இத்தனை பார்த்தும் சரியாகவில்லை என்றால், பெட்டகத்துக்கு நகல் இருக்கிறது, மாஸ்டர் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகு தாராளமாக அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் கடிகாரமும் பிரௌசர் பதிப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். விண்டோஸ் 7-ஐயே இன்னும் வைத்திருப்பவர் என்றால் வேறு கம்ப்யூட்டர் வாங்குவதுதான் நல்லது. மாமாவிடமும் சொல்லிவிட்டேன். காய் விலை ஏறட்டும் என்கிறார்.