நியூட்ரலில் போட்டால் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

கேள்வி: பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே எங்கள் ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டது. நியூட்ரலில் போட்டு வேலூர் வரை கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்றார் தெரிந்த லாரிக்காரர். மெக்கானிக் போனில் வேண்டவே வேண்டாம் என்றார். எது சரி?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மெக்கானிக் சொன்னதுதான் சரி. மேனுவல் கியர் பாக்ஸில் பற்கள் ஆயிலில் முங்கிச் சுற்றுவதால், சக்கரம் உருண்டாலே ஆயில் தெறித்து எங்கும் போய்ச் சேரும். டார்க் கன்வர்ட்டர் (என்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை அனுப்பும் பம்பை என்ஜின்தான் சுற்றுகிறது. என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஆனால் தரையில் உருளும் சக்கரம் கியர் பாக்ஸின் உள்பாகங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் பிரிப்பது என்ஜினைத்தான், சக்கரத்தை அல்ல. புஷ்ஷும் பேரிங்கும் காய்ந்து தேயும், கிளட்ச் தட்டுகள் கருகும். சி.வி.டி. (கியர் பற்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக்) என்றால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். பிறகு கியர் பாக்ஸையே இறக்க வேண்டியதுதான்.

ஏ.எம்.டி. (கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் வகை) வேறு. உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான். நியூட்ரலில் இருந்தால் இழுக்கலாம். ஆனால் பேட்டரி செத்திருந்தால் லீவரை நகர்த்தினாலும் உள்ளே கியர் மாறாது. கையால் தள்ளிப் பாருங்கள், லேசாக உருளாவிட்டால் விட்டுவிடுங்கள். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினாலே மோட்டார் மின்சாரம் உண்டாக்கும்; அதைத் தரையில் உருட்டி இழுக்கவே கூடாது.

நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழைக்கும்போதே 'ஆட்டோமேட்டிக், முன்சக்கர டிரைவ்' என்று சொல்லிவிடுங்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டிதான் நல்லது. கிரேன்தான் வந்தது என்றால், முன்சக்கர டிரைவ் (என்ஜின் முன்சக்கரங்களைச் சுற்றும்) காரில் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து இழுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் கயிறு கட்டி இழுத்த அதே கேடுதான். நான்கு சக்கர டிரைவுக்கு ஃப்ளாட்பெட் தவிர வழியில்லை.

பேட்டரி செத்து லீவர் 'பி'யில் (பார்க்கிங்) பூட்டிக்கொண்டால், பல கார்களில் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பெயர்த்து, உள்ளே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தியபடி பிரேக்கை மிதித்து லீவரை 'என்'னுக்கு (நியூட்ரல்) தள்ளுங்கள். வின்ச்சால் ஃப்ளாட்பெட்டில் ஏற்றும் அந்தச் சில அடிக்கு மட்டும் இது போதும். காரை இழுக்க மாட்டும் கொக்கி டிக்கியில் ஜாக்கியோடு இருக்கும். பம்பர் மூடியைக் கழற்றித் திருகி, வளையத்தில் வீல் ஸ்பேனரை நுழைத்துக் கடைசி வரை இறுக்குங்கள். அரைகுறையாக மாட்டிய கொக்கி பிய்ந்து தெறித்தால் ஆளையே அடிக்கும். சில கார்களில் இடப்பக்கம் திருகினால்தான் ஏறும்.

கேள்வி: எங்கள் ஆட்டோமேட்டிக் காரை ஏற்கெனவே கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்துவிட்டோம். இப்போது என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஓட்டிப் பார்க்கும் முன் கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கிப் பாருங்கள். கறுத்து, கருகிய நாற்றம் அடித்தால் கிளட்ச் தட்டு போயிருக்கிறது. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை லேசாக ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் நெருடும் இரும்புச் சிம்பு இருந்தால் பேரிங் அல்லது கியர் பற்கள். சுத்தமாக இருந்தால் கார் புத்தகத்தில் குறித்த அதே ரக ஆயிலை ஊற்றுங்கள். 'எல்லாத்துக்கும் ஆகும்' என்று கடையில் தருவதை சி.வி.டி.யில் ஊற்றிவிடாதீர்கள்.