பங்காளி வீட்டு அழைப்பும் செயற்கை நுண்ணறிவும்

வணக்கம். காரைக்குடியில் நடக்கவிருக்கும் தந்தையாரின் அறுபதாம் கல்யாணத்துக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த அழைப்பை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும், எழுதப்படாத முறைகள் அதற்குப் புரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு புரியும். பொது அறிவை விதிவிதியாகக் கையால் எழுதிக் கணினிக்கு ஊட்டும் முயற்சியை அமெரிக்காவில் டக்ளஸ் லெனட் 1984இல் ‘சைக்’ என்ற பெயரில் தொடங்கினார். தாங்கள் பயன்படுத்தியது போன்ற இன்றைய கருவிகளின் அடிப்படையான மொழி மாதிரிகளோ, அப்படி விதிகளை ஊட்டாமல், மக்கள் எழுதியவற்றைப் படித்தே பழகுகின்றன. முறை மீறப்பட்டால் யாராவது குறைப்பட்டு எழுதிவிடுகிறார்கள் என்பதால், பெரியவர்களை நேரில் சென்று அழைக்க வேண்டும் என்பது போன்ற பொது வழக்கங்கள் அவற்றுக்குப் பிடிபடுகின்றன. (கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்; தாங்கள் கேட்டது வாசகத்தை மட்டும்தான்.) ஆனால் எந்தப் பங்காளி வீட்டுப் படியை முதலில் ஏறுவது, பழைய மனத்தாங்கல் உள்ள வீட்டுக்கு யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லாமல், வளவில் அமர்ந்து பேசும் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருப்பவை.

ஆகவே வரிசையை அப்பத்தாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கருவியிடம் வாசகத்தை மட்டும் விடுங்கள். பெரியப்பா வீட்டுக்குப் பெற்றோருடன் வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு நாளையே செல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி அவராகக் கேட்டாலொழிய விளக்கம் வேண்டாம்.